கடல் இல்லாத ஊரில் சங்கு நண்டு

எங்கள் சிவகாசியில் கூழ்வடகம் பிழிந்தால் இரண்டாம் நாள் சாயங்காலம் டப்பாவில் அள்ளி வைத்துவிடலாம். கடலோரத்தில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதிகள் நாலு நாள் காக்கையோடு மல்லுக்கு நிற்பார்கள். இங்கே ஒரு வெயில், ஒரு காற்று, அவ்வளவுதான். மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. வெள்ளாமைக்கு ஆகாத இந்த வறட்சிதான் எங்கள் ஊருக்குச் சோறு போடுகிறது, பாருங்களேன்! தீக்குச்சி மருந்து காய வேண்டும், வெடித் திரி காய வேண்டும், அச்சடித்த காலண்டர் தாளில் மை காய வேண்டும். 1920-களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே ஆரம்பித்தார்கள். அதன் பின்னால் பட்டாசு, அச்சகம் என்று ஊர் வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப் பெயரும் வந்து சேர்ந்தது.

எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. 1985 வரை நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். ராமேஸ்வரமும் எங்கள் மாவட்டம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வருஷம் மாவட்டத்தைப் பிரித்து எங்களை விருதுநகரோடு சேர்த்தபோது, காகிதத்தில் இருந்த கடலும் கையை விட்டுப் போனது. இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது.

அப்படிப்பட்ட ஊருக்குப் போன வருஷம் கத்திரி வெயிலில் மூன்று சங்கு நண்டுகள் விருந்தாளியாக வந்தன. நண்டை யாராவது வளர்ப்பார்களா என்று சிரிக்காதீர்கள். கடற்கரைக்குப் போய் வரும் பிள்ளைகள் ஆசைப்பட்டு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வந்த பிறகுதான் கேள்வியே. அதைக் கையில் எடுக்கலாமா? எடுத்தால் எத்தனை தடவை? எங்கள் வீட்டில் இந்த வழக்கு இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது.

என் தங்கை தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் கணக்கு வேலை. அவள் மகன் பதினொரு வயசுப் பையன். முழு ஆண்டு லீவுக்கு அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர நான்தான் போனேன். சிவகாசியிலிருந்து தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர். சாத்தூரில் ஒரு பொட்டலம் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், அதற்குள் ஜன்னலோரம் முழுக்கக் கரிசல் காடு. வெயிலில் வெடித்து, பாளம் பாளமாகக் கிடக்கும். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முகத்தில் அடிக்கும் காற்று மாறிவிடுகிறது. கழுத்து கசகசக்கிறது, தலைமுடி பிசுபிசுக்கிறது. அப்புறம் உப்பளங்கள். பனையோலை போர்த்திய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போனால் முதலில் சொல்வது, "அப்பப்பா, என்னமா வேர்க்குது!" என்பதுதான். அந்த வேர்வைக் காற்றுதான் சங்கு நண்டுக்கு உயிர் என்பது எனக்கு அன்று சாயங்காலம் தெரிந்தது.

தங்கையின் மாமனாருக்கு எழுபது வயசுக்கு மேல். கடற்கரையிலேயே வளர்ந்தவர். பொழுது சாய்ந்ததும் பேரனையும் என்னையும் கரைக்கு அழைத்துப் போனார். மணல் மேட்டில் படர்ந்திருந்த அடம்பங்கொடிக்கு அடியிலிருந்து சின்னச் சின்னச் சங்குகள் தாமாகவே நகர்ந்து வந்தன! கையில் டார்ச் இல்லாவிட்டால் நான் அலறியிருப்பேன். ஒவ்வொரு சங்குக்குள்ளும் ஒரு நண்டு. பள்ளிப் புத்தகத்தில் இதைத் துறவி நண்டு என்று போட்டிருக்கிறதாம்.

"இதுக்கு முன்பாதிதாம்மா ஓடு. பின்பாதி வெறும் சதை, நத்தை மாதிரி சுருண்டு இருக்கும். அதை மறைக்கத்தான் செத்த நத்தையோட கூட்டுக்குள்ள குடியிருக்கு. வளர வளரப் பெரிய கூடு தேடிப் போகும்" என்றார் மாமா.

"வாடகை வீடு மாறுற மாதிரி" என்றேன்.

"வாடகை கேக்க ஆளில்லை. ஆனா வீடு கிடைக்கிறதில்லை. அழகா இருக்குன்னு சங்கையெல்லாம் பொறுக்கிட்டுப் போயிடறாங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. கன்னியாகுமரி, ராமேஸ்வரம் போனால் சிப்பி மாலையும் சங்குக் கண்ணாடியும் வாங்காமல் திரும்புகிறோமா நாம்?

மாமா இன்னும் ஒரு விஷயம் சொன்னார். கடல் தண்ணீருக்குள்ளேயே வாழும் சங்கு நண்டு வேறு, கரையில் நடமாடும் இந்த நண்டு வேறு. தண்ணீர் நண்டை வெளியே எடுத்து வந்தால் சீக்கிரம் செத்துப்போகும். கரை நண்டைத் தண்ணீரில் முக்கிப் போட்டாலோ மூச்சுமுட்டிச் சாகும். ஆனாலும் கரை நண்டுக்கும் செவுள்தான் இருக்கிறது. அந்தச் செவுள் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் காற்றை இழுக்க முடியும். அதற்காகச் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டே திரிகிறது. முட்டையைக் கடலில்தான் விடும். குஞ்சுகள் கடலில் நீந்தி வளர்ந்து பிறகு கரையேற வேண்டும். அதனால் வீட்டுத் தொட்டியில் இது லேசில் பெருகாது. வீடுகளில் இருக்கும் சங்கு நண்டுகள் அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு கரையிலிருந்து எடுத்து வந்தவைதான்.

பையன் மூன்று நண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றான். சிவகாசி அண்ணனுக்கும் அக்காவுக்கும் காட்ட வேண்டுமாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக்கி இருக்கிறார்கள். அந்தத் தீவுகளிலிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. இது ஊர்க்கரை. இருந்தாலும் மாமா யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினார். "கொண்டு போ. லீவு முடிஞ்சதும் இதே மணல்ல வந்து விடணும். வேற கரையில விடக் கூடாது." ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரும் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டில் மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டி இருந்தது. ஆற்று மணலைச் சலித்துக் கழுவி, உள்ளே அரை அடிக்குப் போட்டோம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. கொழுக்கட்டை மாவுப் பதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு கிண்ணியில் கடல் தண்ணீர், ஒரு கிண்ணியில் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது இதற்கு ஆகாது. ஒளிந்துகொள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டை, பெரிய காலிச் சங்கு நாலைந்து. மேலே கண்ணாடி மூடி, காற்றுக்குச் சின்ன இடைவெளி. தின்பதற்குத் தேங்காய்ச் சில், வாழைப்பழம், உப்புக் காரம் படாத மீன் துண்டு, காய்ந்த இலை. எல்லாம் எச்சில் பருக்கை அளவுதான்.

இரண்டாம் நாளே தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். ஒருவன் பொருட்காட்சி மாதிரி டிக்கெட்டே கிழித்துக் கொடுத்தான்! நண்டோ கையில் வைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு வாசலைப் பெரிய கொடுக்கால் அடைத்துக்கொள்கிறது. "உள்ள என்ன இருக்குன்னு இழுத்துப் பாப்போம்" என்றான் ஒரு வாண்டு. என் தங்கை மகன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டான். இழுத்தால் அது சங்கை விடாது. உடம்பே பிய்ந்து போகும், பிடி விடாது. இதை அவன் தாத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெருக் கோடியில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிள்ளைகளை உட்கார வைத்து அழகாக விளக்கினார்கள். நாய்க்குட்டியைத் தடவினால் அதற்குச் சந்தோஷம், வாலை ஆட்டும். நண்டுக்கு அப்படி இல்லை. அதைப் பொறுத்தவரை மேலிருந்து ஒரு கை வந்தால் பறவை கொத்த வருகிறது என்றுதான் அர்த்தம். ஊர் மாறி வந்த நண்டைப் பத்துப் பதினைந்து நாளாவது தொடவே கூடாது. அதன் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐந்து பத்து நிமிஷம் போதும். "அதுக்கு நம்ம கை தேவையில்லம்மா, நமக்குத்தான் ஆசை" என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கைகளை நான் நினைத்துப் பார்த்தேன். இவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் மை இருக்கும். என் கை எப்போதும் மிளகாய் வாசனை. விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து மூட்டை வற்றல் வாங்கி, வருஷத்துக்கும் பொடி திரித்து வைக்கும் வீடு இது. பக்கத்து வீட்டு அக்கா பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தபோது என் மகள், "பெரியம்மா, கையில பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டப் போனாள். அக்கா சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்த்தா. இது மருந்துக் கை. எம் புள்ளையவே குளிச்சிட்டு வந்துதான் தூக்குவேன்."

அலுமினியப் பொடி படிந்து விரல் ரேகையெல்லாம் வெள்ளியாக மின்னியது. கந்தகமும் வெடியுப்பும் கையோடு வீட்டுக்கு வருகிற ஊர் இது. ஈரமாக இருக்கிற செவுளில் அந்தப் பொடி அப்பினால் அந்த ஜீவன் எப்படி மூச்சுவிடும்? தொடுவதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் கவனம் வேறு எந்த ஊரில் இருக்கப் போகிறது சொல்லுங்கள்! மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள நிலை மின்சாரம் இறங்க உலோகத் தகட்டைத் தொட வேண்டும். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. எதையும் தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. அக்கா இருபது வருஷமாக அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். நண்டைப் பற்றி அவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று ராத்திரியே சட்டம் போட்டேன். பத்து நாள் யாரும் தொடக் கூடாது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், வெயில் இறங்கின பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு. சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பு வாசனையும் போகும் வரை கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும். ஈரத்தோடுதான் தொட வேண்டும். நண்டைப் பின்பக்கத்துச் சங்கைப் பிடித்து எடுக்க வேண்டும். உள்ளங்கையை நன்றாக விரித்து, தோல் இழுபட வைத்துக்கொண்டால் கொடுக்குக்குப் பிடி கிடைக்காது. நின்றுகொண்டு பிடிக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, ஈர மணல் பரப்பிய தாம்பாளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் கை இருக்க வேண்டும். விழுந்து சங்கு உடைந்தால் அது வீடில்லாமல் போய்விடுமே!

அப்படியும் என் மகளின் விரல் மடிப்பில் ஒரு தடவை பிடித்துவிட்டது. கையை உதறப் போனாள். "உதறாதே, கையை மணல்ல வை" என்றான் பொடியன். மணலில் வைத்ததும் காலுக்குத் தரை தட்டுப்பட்டு அதுவாகவே விட்டுவிட்டு நடந்தது. சின்னச் சிவப்புத் தடம், அவ்வளவுதான். கை கழுவுவது நமக்கும் முக்கியம். தொட்ட கையோடு பலகாரத் தட்டில் கை வைக்கக் கூடாது. மூன்று வயசுக் குழந்தைகளிடம் இதைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

உண்மையைச் சொன்னால், கையில் எடுத்தபோது பார்த்ததைவிட எடுக்காமல் பார்த்ததே அதிகம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் தொட்டிக்குள் 'டிக் டிக்' என்று சங்கு உரசும் சத்தம். ஒன்று சிரட்டை மேல் ஏறும். ஒன்று காலிச் சங்கு ஒவ்வொன்றையும் கொடுக்கால் அளந்து பார்க்கும், ஜவுளிக் கடையில் நாம் சேலையைப் புரட்டுகிற மாதிரி! ஒரு நாள் விடியற்காலையில் பழைய சங்கிலிருந்து சரேலென்று வெளியே வந்து புதுச் சங்குக்குள் போனதை என் மகன் கண்ணால் பார்த்தான். ஒரு நொடிதான். இந்தச் சங்குகளுக்குப் பளபளவென்று வர்ணம் பூசித் தரட்டுமா என்று அச்சகத்துப் பையன் ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்கக் கடற்கரைக் கடைகளில் அப்படி வர்ணச் சங்கில் அடைத்துத்தான் விற்கிறார்களாம். வர்ணம் உரிந்து அதன் வயிற்றுக்குள்தானே போகும்? நல்ல கவனிப்பு இருந்தால் முப்பது வருஷம்கூட வாழக்கூடிய பிராணி, வாங்கிப் போன வீடுகளில் பெரும்பாலும் சில மாதங்களில் செத்துப்போகிறது என்று டீச்சர் சொன்னார்கள். ஜப்பானில் கரையில் வாழும் சங்கு நண்டை 1970-லேயே தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்களாம். குட்டி ஜப்பானில் இருக்கிற எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மே மாதக் கடைசியில் மூன்றில் பெரிய நண்டு மந்தமாகிவிட்டது. தண்ணீர்க் கிண்ணியிலேயே கிடந்தது. கண் மங்கிப் பால் படர்ந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் காலையில் ஆளையே காணோம். மணலுக்குள் போய்விட்டது. சட்டை உரிக்கப் போயிருக்கிறது என்றார்கள் டீச்சர். பாம்பு மாதிரி மேல் ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு கட்டுமாம். கழற்றின ஓட்டையும் தானே தின்றுவிடுமாம், சுண்ணாம்புச் சத்துக்காக. புது ஓடு இறுகும்வரை உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அப்போது தோண்டி எடுத்தால் செத்துவிடும்.

சிக்கல் இங்கேதான் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பையன் ஊருக்குப் போக வேண்டும். தாத்தாவுக்கு மூன்று நண்டும் கணக்குச் சொல்ல வேண்டும்.

"செத்துத்தான் போயிருக்கும். தோண்டிப் பாத்துடலாமே" என்றார் இவர்.

"ஒரு ஸ்பூனால லேசா..." என்றாள் மகள்.

"தாத்தா தொடாதன்னா தொடக் கூடாது, பெரியம்மா. நீங்க பாத்துக்குவீங்களா?" என்றான் பையன். மூக்கு விடைத்திருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு நண்டோடு அவன் பஸ் ஏறினான்.

அப்புறம் வந்ததுதான் ஆனி, ஆடிக் காற்று. எங்கள் ஊரில் அந்தக் காற்று அடித்தால் உதடு வெடிக்கும், ஈரத் துண்டு கால் மணியில் அப்பளமாகும். அந்த வறட்டுக் காற்றோடு நான் பட்ட பாடு! தொட்டியைச் சுற்றி நனைத்த கோணிச் சாக்கு. காலையும் மாலையும் மணலின் ஓரத்தில் மட்டும் கை நிறையத் தண்ணீர் தெளிப்பு. நடுவில் ஊற்றினால் அது இருக்கும் குழி இடிந்துவிடும். கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பேன். வேர்த்திருந்தால் நிம்மதி. தினக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அது புதைந்து எத்தனை நாள் என்று பின்பக்கம் குறித்து வைப்பேன். பட்டாசு ஆலை அக்கா தினமும் வேலி ஓரம் நின்று, "எந்திரிச்சிருச்சா?" என்பார்கள். முகர்ந்து பார்த்தால் அழுகின வாடை இல்லை. அது ஒன்றுதான் எனக்கிருந்த தைரியம். இவர் நாற்பதாவது நாள் மறுபடியும் ஸ்பூனை எடுத்தார். நான் ஸ்பூனை வாங்கி சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

நாற்பத்தேழாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போடாமல் டார்ச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மணல் ஓரமாகப் பிளந்து கிடந்தது. கடல் தண்ணீர்க் கிண்ணியில் இரண்டு முன்கால்களை வைத்துக்கொண்டு நின்றது. கால்கள் புதுசாக, பட்டு மாதிரி பளபளத்தன. வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தோம். யாரும் கை நீட்டவில்லை.

இன்னும் மூன்று வாரம் விட்டு, ஓடு இறுகிக் கால்கள் கெட்டியான பிறகு, ஆகஸ்டில் தூத்துக்குடி பஸ் ஏறினேன். பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மணல், மூடியில் துளை, மேலே ஈரத் துணி. சாத்தூரில் ஒரு தடவை, எட்டயபுரத்தில் ஒரு தடவை துணியை நனைத்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன பலகாரம் என்று விசாரித்தார்கள். உப்பளம் வந்ததும் டப்பாவுக்குள் ஓசை கேட்டது.

சாயங்காலம் மாமா, பையன், நான் மூன்று பேரும் அதே மணல் மேட்டுக்குப் போனோம். பையன் டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். கையால் எடுக்கவில்லை. கால் மணி நேரம் சங்கு அசையவில்லை. பிறகு மீசை இரண்டும் வெளியே வந்தன, கண் வந்தது, கால் வந்தது. அடம்பங்கொடிப் பக்கமாக நடந்து போய்விட்டது.

இந்த வருஷ லீவுக்கு முன்னால் போனில், "பெரியம்மா, வரும்போது வேற ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"நீ மட்டும் வாப்பா. ராத்திரி மணல்ல உக்காந்து பாக்க நாங்க எல்லாரும் உங்க ஊருக்கு வர்றோம்" என்றேன். கண்ணாடித் தொட்டியைப் பட்டாசு ஆலை அக்கா வீட்டுப் பிள்ளைக்கு மீன் வளர்க்கக் கொடுத்துவிட்டேன்.